எழுத்தைப் பார்த்துக் குழாயை மாற்றாதீர்கள்

போன மாதம் யாழ்ப்பாணம் வலிகாமத்துக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றிலிருந்து, அங்குள்ள பழைய குழாய் ஓர்கனைப் (காற்று ஊதிக் குழாய்களால் ஒலிக்கும் இசைக்கருவி) பார்க்க அழைப்பு. "அண்ணை, ஓர்கன் பாடகர் குழுவோட சேருதில்லை. சுருதி ஏறி நிக்குது." பின்பலகையைக் கழற்றியதுமே விளங்கிவிட்டது. யாரோ ஒரு கெட்டிக்காரர் குழாய்களில் குத்தியிருந்த சுர எழுத்துகளைப் பார்த்து, சி குழாயை சி துளையிலும், டி குழாயை டி துளையிலுமாக எல்லாவற்றையும் 'திருத்தி' நட்டிருக்கிறார். இரண்டு வருடத்தில் எனக்கு இது மூன்றாவது.

"முந்தித் திருத்தினவர் பிழையா வைச்சிட்டார்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். இல்லை ஐயா! 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கட்டிய ஓர்கன்களில் பல உயர்ந்த சுருதிக்குக் கட்டியவை. நடு ஏ ஏறக்குறைய 452 ஹேர்ட்ஸ். இப்போது நாம் வைப்பது 440. அதை இறக்க அந்தக்கால வேலைக்காரர் ஒவ்வொரு குழாயையும் அடுத்த மேல் சுரத்தின் துளைக்குத் தள்ளி, எல்லாவற்றிலும் தாழ்ந்த சுரத்துக்குப் புது அடிக்குழாய் ஒன்றைச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் சுருதி தேவைக்கு மேல் இறங்கிவிடும். அதனால் குழாய்களின் மேல்முனையில் கொஞ்சம் வெட்டிச் சுருதியை ஏற்றுவார்கள். ஆகவே சி என்று குத்திய குழாய் அடுத்த சுரமான சி ஷார்ப்பின் துளையில் நிற்பது பிழையே இல்லை. வெட்டிய குழாயைத் திரும்பப் பழைய துளையில் நட்டால், அந்தப் பழைய உயர்ந்த சுருதியைவிடக் கூட ஏறி, இப்போதைய சுருதிக்கு அரைக் கட்டை உயரத்தில்தான் ஒலிக்கும். உச்சத்தில் ஒரு துளை வெறுமையாகும். அடிக்குழாய் அநாதையாகும். நான் போனபோது அந்த எட்டடி மரக்குழாய் குடைகள் வைக்கும் மூலையில் சாத்திக் கிடந்தது.

பெயர்த்தகட்டைப் பார்த்து வயது சொல்வதும் இதே கதைதான். பெட்டி ஒருவருடையது, குழாய்கள் இன்னொருவருடையதாக இருக்கலாம், காற்று ஊதும் மோட்டர் நேற்று வந்தது. (துருத்தித் தோலைப் பற்றித் தொடங்கினால் விடிந்துவிடும்.)

சரி, ஒன்றையும் கழற்றமுன் படம் எடுங்கள். எது எந்தத் துளையில் நின்றதென்று எழுதி வையுங்கள். உலோகக் குழாய்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, பெருவிரலால் அழுத்தினாலே நசுங்கும். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்து விற்காதீர்கள். போதகர்மாரே, உள்ளே இருக்கும் பென்சில் எழுத்துகளைத் தயவுசெய்து துடைக்க விடாதீர்கள். இந்த ஆலயத்தின் பழைய கணக்குப் புத்தகங்கள் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. கேட்டறிய வேறு இடமில்லை.

அந்த மரக்குழாயின் அடியிலும் யாரோ பென்சிலால் ஒரு வருடம் எழுதியிருக்கிறார். வார்னிஷ் பூசுவதற்காக நன்றாகத் தேய்த்துவிட்டார்கள். 19 மட்டும் தெரிகிறது.