பூட்டைத் திறந்து பழகலாம், ஆனால் யாருடைய பூட்டை?

போன ஆடி மாதம் ஒரு பையன் என் பூட்டு, சாவிக் கடைக்கு வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். "அண்ணே, கெட்டுப்போன பூட்டுச் சிலிண்டர் ஏதாச்சும் கிடந்தா தர்றீங்களா? காசு தந்துடறேன்" என்றான். கதவுப் பூட்டில் சாவி நுழைகிற உள்பாகத்தைத்தான் சிலிண்டர் என்போம். எதற்கு என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பூட்டையும் இரண்டு கம்பிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று, கார் வைப்பர் ரப்பருக்குள் ஓடும் எஃகுப் பட்டையை வளைத்தது. இன்னொன்று, ஹேக்ஸா பிளேடைச் சாணையில் தேய்த்து நுனியைக் கொக்கி மாதிரி ஆக்கியது. என் கண்ணெதிரே இரண்டு நிமிடத்தில் பூட்டைத் திறந்து காட்டினான். டீ கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் போன பிறகு, "எதுக்கும் போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. மதுரையில் 22 வருடமாகப் பூட்டு, சாவி வேலை பார்க்கிறேன். திருட்டு நடந்த வீடுகளுக்குப் புதுப் பூட்டு போட எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கம்பி விட்டுப் பக்குவமாகத் திறந்த பூட்டை அங்கே பார்த்தது மிக அபூர்வம். நாதாங்கி பிடுங்கிக் கிடக்கும். கொண்டியைக் கடப்பாரையால் நெம்பியிருப்பார்கள். இல்லையென்றால் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்த சாவியையே எடுத்துத் திறந்திருப்பார்கள். பையன் கையில் இருக்கும் கம்பியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தங்கள் கதவில் இருக்கும் ஸ்க்ரூவை ஒரு நாளும் பார்ப்பதில்லை. அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் பூட்டு எப்படித் திறக்கிறது என்று பார்ப்போம். கடைத்தெருவில் கிடைக்கும் சின்னப் பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலும் இருப்பது, 'பின்' எனும் குட்டி உலோகத் துண்டுகளால் வேலை செய்யும் பின் பூட்டு. சாவி நுழைகிற உருளை ஒன்று. அதில் வரிசையாக நாலைந்து துளை. ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன்மேல் இன்னொரு பின், அதற்கும் மேலே மெல்லிய ஸ்பிரிங். மேல்பின் பாதி உருளைக்குள்ளும் பாதி வெளிக்கூட்டுக்குள்ளும் நின்று, உருளையைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கும். சரியான சாவியைப் போட்டால் அதன் வெட்டுகள் ஒவ்வொரு ஜோடியையும் வேண்டிய உயரத்துக்குத் தூக்கும். இரண்டு பின்னும் சந்திக்கிற இடம் உருளையின் விளிம்போடு ஒரே மட்டமாக வந்ததும் உருளை சுற்றும். இதே யோசனையை மரத்தில் எகிப்தியர்கள் பழங்காலத்திலேயே செய்து வைத்திருந்தார்கள். இன்று நம் சாவிக்கொத்தில் தொங்கும் தட்டைச் சாவி, அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் காப்புரிமை வாங்கிய பூட்டின் வழியாக வந்தது.

கணக்குப்படி பார்த்தால், எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நின்றாக வேண்டும். ஒற்றைக் கம்பியால் அது முடியவே கூடாது. முடிவதற்குக் காரணம் அந்தத் துளைகள். எவ்வளவு நல்ல மெஷினில் போட்டாலும் அத்தனை துளையும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் அமைவதில்லை. உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், கொஞ்சம் விலகியிருக்கும் துளையின் பின் மட்டும் முதலில் இறுகும். மற்றவை தளதளவென்று ஆடும். இறுகிய பின்னைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கினால், மட்டத்துக்கு வந்த நொடியில் விரலில் 'டிக்' என்று ஒரு சின்ன அதிர்வு தெரியும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். உருளை மயிரிழை அளவு நகரும். இப்போது இன்னொரு பின் இறுகும். இப்படி ஒவ்வொன்றாக. பலம் கொடுத்துத் திருப்பினால் எதுவுமே அசையாது. பழகுகிறவர்களில் பாதிப்பேர் அங்கேதான் தோற்கிறார்கள். மலிவான பூட்டில் துளைகளின் விலகல் அதிகம், அதனால் சீக்கிரம் திறக்கும். நல்ல பூட்டின் விலையில் ஒரு பங்கு இந்தத் துல்லியத்துக்காக நாம் கொடுப்பது.

இதையெல்லாம் ஊரறிய எழுதலாமா என்று கேட்பார்கள். இதே கேள்வி 1851லேயே லண்டனில் எழுந்தது. அங்கே பிக்காடிலி தெருவில் பிராமா கம்பெனியின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு பல பத்து வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இதைத் திறக்கக் கருவி செய்கிறவருக்கு 200 கினி (அந்தக் கால பிரிட்டிஷ் பணம்) பரிசு என்று அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருடம் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற பூட்டு வியாபாரி வந்தார். முதலில் 'சப்' என்ற பூட்டுக் கம்பெனியின் டிடெக்டர் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். அது சாதாரணப் பூட்டு இல்லை. பின்னுக்குப் பதில் லீவர் எனும் தகடுகள் உள்ள பூட்டு. யாராவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் அப்படியே இறுகிக்கொண்டு, சொந்தக்காரர் சாவி போடும்போது "யாரோ கைவைத்திருக்கிறார்கள்" என்று காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு பிராமா பூட்டுக்குப் போனார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதையும் திறந்துவிட்டார். பெரிய சர்ச்சை ஆனது. திருடர்களுக்கு ஹாப்ஸ் வழி காட்டிவிட்டார் என்றார்கள். திருடர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பது ஹாப்ஸின் பதில். தெரியாமல் இருப்பவர் பூட்டை நம்பிக் காசு கொடுத்தவர்தான். ஹாப்ஸ் திறந்து காட்டிய பிறகு பூட்டு செய்கிறவர்கள் தங்கள் பூட்டுகளைத் திருத்தினார்கள்.

நம் காலத்திலும் இது நடந்தது. 2004இல் அமெரிக்காவில் பெயர்பெற்ற கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டு ஒன்று, பிளாஸ்டிக் பால்பாயிண்ட் பேனாவின் குழாயைத் திணித்துத் திருப்பினாலே திறந்தது. குழாய் வடிவச் சாவி போடுகிற பூட்டு அது. ஒருவர் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார். கம்பெனி அந்தப் பூட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பூட்டு கொடுத்தது. வீடியோ வராமல் இருந்திருந்தால் அந்தச் சைக்கிள்காரர்கள் யாருக்கும் தங்கள் பூட்டின் லட்சணம் தெரிந்திருக்காது.

பூட்டுத் திறப்பதை விளையாட்டாகப் பழகுகிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1997இலேயே இதற்குச் சங்கம் தொடங்கினார்கள். போட்டி வைக்கிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள். இவர்களிடம் இரண்டு விதி உண்டு. உன் சொந்தப் பூட்டை, அல்லது சொந்தக்காரர் சம்மதித்துக் கொடுத்த பூட்டை மட்டும் திற. உபயோகத்தில் இருக்கும் பூட்டில், அது உன் வீட்டுப் பூட்டாகவே இருந்தாலும், கம்பி விடாதே.

முதல் விதி எல்லாருக்கும் புரியும். கதவை உடைக்காமல் பூட்டை மட்டும் திறந்து அத்துமீறி உள்ளே போனாலும், நம் சட்டத்தில் அது வீட்டை உடைத்து நுழைந்ததுதான். கீறல் விழவில்லை என்று வாதாட முடியாது. சம்மதம் இருந்தால் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் கருவியை வைத்திருப்பதே குற்றம். ஜப்பானில் 2003இல், தக்க காரணம் இல்லாமல் பூட்டுத் திறக்கும் கருவி வைத்திருக்கக் கூடாது என்று தனிச் சட்டமே போட்டார்கள். வெளிநாடு போகிற பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

இரண்டாவது விதியைத்தான் மீறுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தது. பள்ளிக்கூடப் பையன், வீட்டு மெயின் கதவிலேயே பழகிப் பார்த்திருக்கிறான். ஒரு ஸ்பிரிங் மடங்கிப் பின் மேலேயே சிக்கிக்கொண்டது. சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அப்பாவும் அம்மாவும் பாட்டியும் வாசலில் நிற்கிறார்கள். டிரில் போட்டுத்தான் திறந்தேன். அந்தப் பாட்டி கடைசிவரை, "புள்ளைய ஒண்ணும் சொல்லாதப்பா, என் கால்வலி எனக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, பாலிடெக்னிக் பையனுக்கு வருவோம். ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய சிலிண்டர் கொடுத்தேன். நாலு மாதத்தில், திறப்பதை விட்டுவிட்டுத் திறக்க முடியாதபடி மாற்றுவதில் இறங்கிவிட்டான். இந்த விளையாட்டின் அருமையான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான். சாதாரணப் பூட்டைப் பிரித்து, உள்ளே வேலை செய்து, மூடி, இன்னொருவரிடம் "முடிந்தால் திற" என்று கொடுப்பார்கள். வாங்கியவர் திறந்து, பிரித்துப் பார்த்து, தான் ஒன்று செய்து திருப்பி அனுப்புவார்.

அவன் என் மேசையில் உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். சிலிண்டரின் பின்பக்கக் கிளிப்பைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி, உருளையை வெளியே இழுக்க வேண்டும். இழுக்கும்போதே அதே பருமனுள்ள ஒரு குச்சியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரணும். நடுவில் இடைவெளி விட்டால் மேல்பின்னும் ஸ்பிரிங்கும் தெறித்துவிடும். அப்புறம் தரையைக் காந்தத்தால் தேடினாலும் பித்தளை ஒட்டாது. பின் ஒன்றின் பருமன் சுமார் 3 மில்லிமீட்டர். மேல்பின் ஒன்றை டிரில் மெஷினின் சக்கில் பிடித்து, சுற்றவிட்டு, ஊசி அரத்தின் விளிம்பை நடுவில் வைத்தான். பித்தளைத் தூள் பொன்னிறமாக நகத்தில் படிந்தது. அரை நிமிடத்தில் பின்னின் இடுப்பு ஒடுங்கி, குட்டி உடுக்கை மாதிரி ஆகிவிட்டது.

இந்த உடுக்கைப் பின் செய்யும் வேலை இதுதான். சாவி போட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. கம்பியால் தூக்கினால், ஒடுங்கிய இடுப்பு உருளையின் விளிம்புக்கு வந்ததும் உருளை சட்டென்று சில டிகிரி சுற்றும். திறந்துவிட்டது என்று கை நினைக்கும். ஆனால் பின்னின் அடி விளிம்பு கொக்கியாக மாட்டிக்கொண்டிருக்கும். அதை விடுவிக்க உருளையைக் கொஞ்சம் பின்னால் போகவிட வேண்டும். அப்படி விட்டால், கஷ்டப்பட்டு நிறுத்திய மற்றப் பின்கள் கீழே விழும். இன்னும் மெனக்கெடுகிறவர்கள் பின்னைச் சுற்றிப் பல வரிப்பள்ளம் வெட்டுவார்கள். துளையின் சுவரிலேயே 'டேப்' எனும் மரை வெட்டும் கருவியை விட்டு மரை போடுவார்கள். இரண்டும் கோத்துக்கொண்டால் ஒரே பின் பல தடவை பொய் 'டிக்' சொல்லும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இப்படி வீட்டில் மாற்றிய பூட்டை வாசல் கதவில் போடாதீர்கள். அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆன சமயம், என் கடையின் சிலிண்டர் பூட்டிலேயே வரிப்பள்ளப் பின்கள் போட்டேன். பள்ளத்தின் ஓரங்களை மழுக்காமல் விட்டுவிட்டேன். ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, சாவி முழுக்க நுழைந்தது, திரும்பவில்லை. தேய்ந்த சாவி, உள்ளே பிசுக்கு, கூர்மையான பள்ளம் மூன்றும் சேர்ந்து பின்னை நடுவில் நிறுத்திவிட்டன. நானே போட்ட பூட்டை நானே டிரில் போட்டு எடுத்தேன். அவசரத்தில் ஒருவர் உள்ளே மாட்டிக்கொள்ளும் கதவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். வாசலுக்கு வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே உடுக்கைப் பின் போட்டு வரும் சிலிண்டர்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

திண்டுக்கல் பூட்டு வேறு ஜாதி. பின்னுக்குப் பதில் லீவர், கை வேலை. சாவி ஓட்டையே வெளியில் தெரியாதபடி மறைத்துச் செய்த பூட்டுகள் என்னிடம் ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. கள்ளச்சாவிக்காரனை எப்படித் திணறடிப்பது என்று அந்த ஆசாரிகள் அரமும் பட்டறையுமாக தலைமுறை தலைமுறையாக யோசித்திருக்கிறார்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் கடையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தோம்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவை: சிலிண்டர் பூட்டு என்றால், வெளிப்பக்கம் தகட்டைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தடவிப் பாருங்கள். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பிளையரால் பிடித்து முறிக்க இடம் கொடுக்கிறீர்கள். நடுவில் ஸ்க்ரூ போகும் துளை இருப்பதால் அங்கேதான் அது ஒடியும். கதவின் கனத்துக்கு ஏற்ற அளவுள்ள சிலிண்டர் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை. மலிவான தொங்கு பூட்டின் வளையத்தை மெல்லிய தகடு செருகியே விடுவிக்கலாம். வளையத்தின் இரண்டு காலையும் எஃகு உருண்டை வைத்துப் பூட்டும் வகையில் அது நடக்காது. புது வீட்டுச் சாவியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள், சுமார் 195 அடி தூரத்தில் மேசைமேல் கிடந்த சாவியை மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்தே சாவியின் வெட்டு அளவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்புறம், பூட்டில் தேங்காய் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பென்சில் கரித்தூள் போதும்.

பையன் மாற்றிய பூட்டை ஒருநாள் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தும் என்னால் திறக்க முடியவில்லை. "எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு போடணும்ணே" என்றான். வீட்டைப் பார்க்கணும் என்று கூடவே போனேன். வாசலில் நல்ல கனமான பூட்டுத்தான். அது தொங்கிய நாதாங்கி, அரை அங்குல ஸ்க்ரூ நாலில் நின்றது. இரண்டு ஸ்க்ரூ கையாலேயே சுழன்றது. அவன் அம்மாவிடம் காட்டினேன். "இத்தனை நாளா இதை நம்பியா தம்பி தூங்குனோம்" என்றார். ஸ்க்ரூவைக் கழற்றி, கதவின் உள்பக்கம் வரை துளை போட்டு, நாலு போல்ட்டு விட்டு உள்ளே வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினோம். அரை மணி நேர வேலை. பழைய பூட்டையே மறுபடி மாட்டிவிட்டு வந்தோம்.