கோயில் மணியும் பொ.ம.சி.யும்: ஒரு அம்பியன்ட் தொகுப்பின் உள்ளே

யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வீட்டு அறையில் இருந்தபடியே ஒரு அம்பியன்ட், அதாவது சூழலோடு சூழலாக மெல்லப் பரவி நிற்கும், இசைத்தொகுப்பைச் செய்து முடித்திருக்கிறார். வெளியிட முன்னம் கேட்டுப் பார்க்கச் சொல்லித் தந்தார். ஆறு பாகங்கள். பாட்டு இல்லை, தாளம் இல்லை, இன்ன ராகம் என்று பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதற் பாகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே காது அதற்குள் இறங்கிவிடுகிறது. அண்மையில் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எப்படி இப்படிச் செய்தார் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக் கணக்காகவே இருந்தது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டாம் பாகத்தின் அடியில் நீளமாக ஓடும் ஒலி ஒன்று இருக்கிறது. ஆர்மோனியமோ, பெரிய குழலோ என்று தோன்றும். உண்மையில் அது மாலைப் பூசையின்போது பதிவு செய்த கோயில் மணி. தம்பி லப்டொப்பில் அந்தப் பதிவைத் திறந்து காட்டினார். நாக்கு மணியில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் செங்குத்தாக ஒரு சுவர் எழும்புகிறது, அதன் பின்னால் நீண்ட வால் போகிறது. சுவரை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வாலை வைத்துக்கொண்டிருக்கிறார்.

இதை முதலில் செய்து பார்த்தவர் பிரான்சின் இசையமைப்பாளர் பியர் ஷெஃபர், 1948இல். ஒரு ஒலி எதிலிருந்து வருகிறது என்பதைக் காது பெரும்பாலும் அதன் தொடக்கத்தை வைத்தே தீர்மானிக்கிறது. அந்தச் சிறு துண்டு போய்விட்டால் மணி மணியாகத் தெரியாது, பியானோவும் பியானோவாகத் தெரியாது.

வெட்டிய வாலைத் தம்பி நான்கு மடங்கு மெதுவாக ஓடவிட்டிருக்கிறார். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. வார்த்த மணி எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை. ஒரு பக்கம் சற்றுத் தடிப்பு, இன்னொரு பக்கம் சற்று மெல்லிசு. அதனால் அதில் எழும் ஒவ்வொரு சுரமும் மிக நெருங்கிய இரண்டு மீடிறன்களாக, அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணில் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகளாகப் பிரிந்துவிடும். 440 ஹேர்ட்ஸும் 444 ஹேர்ட்ஸும் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் செக்கனுக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், அடிப்புகள் என்று படித்தது இதைத்தான். நான்கு மடங்கு மெதுவாக்கினால் 110, 111 ஹேர்ட்ஸ் ஆகிவிடும், அடிப்பு செக்கனுக்கு ஒன்று. மணியின் மற்றச் சுரங்களுக்கும் இதேபோல் தனித்தனி அடிப்புகள் உண்டு. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கிக்கொண்டிருக்கும். ஒரேயொரு மணி அடி, அதற்குள்ளேயே இத்தனை அசைவு. தம்புராவின் இரண்டு தந்திகள் மயிரிழை விலகி நிற்கும்போது கேட்கும் உயிர்ப்பும் இந்த வகைதான்.

மூன்றாம் பாகத்தில் மூன்று சிறு துண்டுகள் சுழல்கின்றன. ஒன்றின் நீளம் 17 செக்கன், மற்றது 19, கடைசி 23. ஒவ்வொன்றும் முடிய முடியத் திரும்பத் தொடங்கும், வேறு ஒன்றும் செய்வதில்லை. இரண்டு பேர் கோயில் வெளிவீதியை வேறு வேறு வேகத்தில் சுற்றி வருவதுபோல. புறப்பட்ட அதே வாசலில் இருவரும் ஒன்றாக நிற்க எவ்வளவு நேரம் எடுக்கும்? பொதுமடங்குகளுள் சிறியது, நாங்கள் பொ.ம.சி. என்று படித்தது, அந்தக் கேள்விக்குத்தான் விடை. 17க்கும் 19க்கும் பொ.ம.சி. 323. அதாவது 5 நிமிடம் 23 செக்கன். 23ஐயும் சேர்த்தால் 7429 செக்கன், 2 மணித்தியாலத்துக்கும் மேலே. பாகத்தின் நீளம் ஒன்பது நிமிடம். ஆகவே அதில் ஒரு கணம்கூட முன்பு கேட்ட அதே சேர்க்கையாக வராது. பழகிய துண்டுகள்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சந்திக்கின்றன. காது சலிக்காமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த உத்தியைப் பரவலாக அறியச் செய்தவர் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. அவருடைய ‘மியூசிக் ஃபோர் எயார்போர்ட்ஸ்’ தொகுப்பின் ஒரு பகுதியில், பாடிய தனித்தனிச் சுரங்களை ஒலிநாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் வளையமாக ஒட்டி ஓடவிட்டார். அவர் சொன்ன கணக்கில் ஒன்று 23½ செக்கன், இன்னொன்று 25⅞, வேறொன்று 30க்குச் சற்றுக் குறைவு. வளையங்கள் நீளமாக இருந்ததால் கலையகத்தில் கிடந்த கதிரைகளைச் சுற்றி நாடாவை ஓடவிட வேண்டியிருந்ததாம். இன்றைக்கு லப்டொப்பில் அது இரண்டு நிமிட வேலை.

அடுத்தது எதிர்முழக்கம், ரிவேர்ப். அம்பியன்ட் இசையில் பாதி அதுதான். அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை ஒழுங்காக அளக்கத் தொடங்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் வாலஸ் சபீன். 1895இல் அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் சொல் ஒன்று அடங்க ஏறக்குறைய 5½ செக்கன் எடுத்தது. பேசினால் ஒன்றும் விளங்காது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒரு ஓர்கன் குழலை ஊதி, நிறுத்தற் கடிகாரத்தோடு காதாலேயே கேட்டுக் கேட்டு அளந்தார்.

செயற்கையாக அந்த முழக்கத்தை எப்படி உண்டாக்குவது? முதலில் எங்கள் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் ஆறு மீற்றர் கீழே என்றால், நாம் கூப்பிடும் குரல் போய் வர 12 மீற்றர். இந்த வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர், ஆகவே 34 மில்லிசெக்கனில் திரும்பிவிடும். அவ்வளவு குறுகிய இடைவெளியைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காது, குரலோடு சேர்த்தே கேட்கும். ஆனால் கிணற்றின் வாயில் ஒரு பகுதி தெறித்து மறுபடி கீழே இறங்கும், திரும்ப மேலே வரும், எல்லாம் ஒரே இடைவெளியில். அந்த ஒழுங்குதான் சில மீடிறன்களை மட்டும் தூக்கிவிட்டுக் குரலைக் குடைவாக்குகிறது. கணினியில் ஒரேயொரு தாமதத்தை, அதாவது ஒலியைச் சற்றுப் பிந்தித் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் ஒரு கட்டத்தை வைத்து ரிவேர்ப் செய்தாலும் இதே கிணற்றுக் குரல்தான் கிடைக்கும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துப் பௌதிகவியலாளர் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1962இல் எழுதிய வழி இன்றும் பல ரிவேர்ப்களுக்கு அடித்தளம். அவர் நான்கு தாமதங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஓடவிட்டார், எல்லாம் 30 முதல் 45 மில்லிசெக்கனுக்குள். எங்கள் கிணற்றின் 34உம் அந்த வரம்புக்குள்தான் வருகிறது! ஆனால் நான்கும் பொதுக் காரணி இல்லாத நீளங்களாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவற்றின் எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இடைவெளிகளை நிரப்பும். பின்னால் இன்னும் இரண்டு கட்டங்கள் வைத்து எதிரொலிகளை மேலும் நெருக்கமாக்கினார். செக்கனுக்கு ஆயிரம் எதிரொலி அளவுக்கு வந்தால் காது அதை வழவழப்பான ஒரு மண்டபமாக ஏற்றுக்கொள்ளும்.

கவனித்தீர்களா, மூன்றாம் பாகத்தில் செக்கன்களில் நடந்த அதே கணக்கு இங்கே மில்லிசெக்கன்களில் நடக்கிறது. மணியின் அடிப்புகளிலும் அதன் சாயல் உண்டு. எனக்கு இந்த இசையில் மிகப் பெரிய வியப்பு இதுதான்.

ஐந்தாம் பாகத்தில் சுருதி மெல்ல மெல்லத் தள்ளாடும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கசெற்றும் கேட்டவர்களுக்கு இந்தத் தள்ளாட்டம் புதிதல்ல. கை தளர்ந்தால் மின்னழுத்தம் குறையும், மோட்டர் மெதுவாகும், பாட்டு இழுபடும். தம்பி அந்தக் காலத்தில் பிறந்திருக்கவே இல்லை. அப்பா சொல்லக் கேட்டுத்தான் அதை வைத்திருக்கிறார். அந்தப் பாகத்தைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒரு வேண்டுகோள், இதைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் 110 ஹேர்ட்ஸைச் சரியாகத் தர முடியாது, மணியின் அந்த அடிப்பே கேட்காமல் போய்விடும். ஹெட்போனில் கேட்டாலும் சத்தத்தை மிகவும் குறைக்க வேண்டாம். சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் கைவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1933இலேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள்.

எனக்கு ஒட்டாத ஒரே பாகம் நான்காவது. அதில் சுழற்சிகள் 12, 18, 24 செக்கன். பொ.ம.சி. வெறும் 72. இரண்டாம் சுற்று வரும்போதே காது பிடித்துவிடுகிறது, அப்புறம் காத்திருக்க ஒன்றுமில்லை. 18ஐ 19 ஆக்கினால் 456 செக்கன் ஆகும், பாகமே 450 செக்கன்தான், ஒரு முறைகூடத் திரும்பாது. இதைத் தம்பியிடம் சொன்னேன்.

“இல்லை அண்ணை, அது தெரிஞ்சுதான் விட்டனான். ஒரு இடத்திலயாவது அடுத்து என்ன வரும் எண்டு ஆக்களுக்குத் தெரியட்டும்” என்றார்.

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. 19 செக்கன் வைத்த பதிப்பையும் ஒருக்கால் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.