முகவர் சொல்லக் கூடாத பதில்: ஃபுளோரிடாவில் பிள்ளைகள் விளையாடும் தெருவைக் கண்டறிதல்

வேலை மாற்றத்தின் பொருட்டு ஃபுளோரிடாவின் மேற்குக் கரைக்கு, குறிப்பாக டாம்பா, சரசோட்டா, ஃபோர்ட் மையர்ஸ் பக்கங்களுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டு முகவரான என்னிடம் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்கள். “அந்தப் பக்கம் முழுக்க ஓய்வு பெற்றவர்களாமே, எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட ஆள் கிடைக்குமா?” என்பது ஒன்று. “நம்மவர்கள் யாராவது அருகில் இருக்கிறார்களா?” என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல், முகவர் எதையோ மறைக்கிறார் என்றோ அவருக்கு ஊர் தெரியவில்லை என்றோ நினைத்துக்கொண்டு அவசரமாக முடிவெடுத்து, பிறகு வருந்தும் குடும்பங்களைப் பார்த்து வருவதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1968இல் இயற்றப்பட்ட வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம், இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வீடு விற்பதிலோ வாடகைக்கு விடுவதிலோ பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 1988இல் வந்த திருத்தம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வாழும் குடும்பங்களையும் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆகவே, “இந்தத் தெருவில் இளம் குடும்பங்கள் நிறைய, அந்தத் தெரு உங்களுக்குச் சரிப்படாது” என்று ஒரு முகவர் சொன்னால், அது ஒரு பிரிவினரைக் குறிப்பிட்ட இடத்தை நோக்கித் தள்ளுவதாகவே சட்டத்தின் பார்வையில் கருதப்படக்கூடும். கறுப்பினக் குடும்பங்களையும் குடியேறிகளையும் சில வட்டாரங்களுக்குள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்தது இத்தகைய ‘நல்லெண்ணப்’ பேச்சுதான் என்பதால், இந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். வீட்டைப் பற்றியும், சாலையைப் பற்றியும், கடைகளையும் பூங்காக்களையும் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். அங்கு வாழும் மனிதர்களைப் பற்றி நீங்களேதான் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கான வழிகள் பொதுவெளியில் தாராளமாக உள்ளன.

முதலில், கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) அளவிலான வயதுக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஒரு பகுதியில் வாழ்வோர் அனைவரையும் வயதுப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயதே இடைநிலை வயது எனப்படுகிறது. தி வில்லேஜஸ் என்னும் மாபெரும் ஓய்வுக்காலக் குடியிருப்பு பெருமளவு அமைந்துள்ள சம்டர் கவுண்டியில் இது ஏறத்தாழ 68. அங்கு வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். சரசோட்டா கவுண்டியில் இடைநிலை வயது 55க்கு மேல். டாம்பா நகரம் அமைந்துள்ள ஹில்ஸ்பரோ கவுண்டியிலோ 40க்கும் கீழ். இவற்றை மட்டும் பார்த்தவர்கள், சரசோட்டாவில் வேலை கிடைத்தும் டாம்பாவில் வீடு வாங்கி, நாள்தோறும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கைத் தொலைக்கிறார்கள். உண்மையில் ஒரு கவுண்டிக்குள்ளேயே முதியோர் மட்டும் வாழும் குடியிருப்பும், மாலையானால் மிதிவண்டிகள் நிறைந்துவிடும் தெருக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இதற்கு லேக்வுட் ராஞ்ச் நல்ல எடுத்துக்காட்டு. மனாட்டி, சரசோட்டா ஆகிய இரு கவுண்டிகளிலும் 30,000 ஏக்கருக்கு மேல் பரந்துள்ள இந்தத் திட்டமிட்ட குடியிருப்பில், டெல் வெப், கிரெஸ்விண்ட் போன்ற 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பகுதிகளும் உண்டு. வயது வரம்பு ஏதுமற்ற பகுதிகளும் உண்டு. பள்ளிகளும், சிறுவர் கால்பந்துப் போட்டிகள் நடக்கும் பெரிய விளையாட்டு வளாகமும் உண்டு. “லேக்வுட் ராஞ்சில் வீடு பார்க்கிறோம்” என்று ஒருவர் சொன்னால், அதிலிருந்து அக்கம்பக்கத்தாரின் வயதைப் பற்றி எதையும் ஊகிக்க இயலாது. பெயர்ப்பலகையைத் தாண்டி எந்த வாயிலுக்குள் நுழைகிறோம் என்பதே முக்கியம்.

எனவே, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் கவுண்டியை விட்டுவிட்டு, ‘சென்சஸ் டிராக்ட்’ எனப்படும் சிறு பிரிவின் அளவுக்கு இறங்கிப் பாருங்கள். ஒரு டிராக்டில் சராசரியாக 4,000 பேர் இருப்பார்கள். வயது, பாலினம் குறித்த ‘எஸ்0101’ அட்டவணையைத் திறந்து, இடைநிலை வயதைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்ட வரிகளில் 5 முதல் 14 வயது வரையிலும், 30 முதல் 44 வயது வரையிலும் எத்தனை பேர் என்று கவனியுங்கள். இவ்விரு வரிசைகளும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன என்று கொள்ளலாம். இடைநிலை வயது மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்கு ஒரு கல்லூரி விடுதிகூடக் காரணமாக இருக்கலாம். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அமைந்துள்ள கெய்ன்ஸ்வில் அப்படித்தான் மிக இளமையான ஊராகத் தெரிகிறது. அவ்வாறே, ஒரு பெரிய முதியோர் பராமரிப்பு இல்லம் இருந்தால் நல்லதொரு குடும்பப் பகுதியின் எண்ணும் மேலே போய்விடும்.

இந்தக் கணக்குகளில் ஒரு குறையும் உண்டு. டிராக்ட் அளவிலான எண்கள் ஐந்தாண்டு மாதிரி ஆய்வின் தொகுப்பு. பிழை வரம்பு பெரிது. பாரிஷ், வெஸ்லி சேப்பல், வெலன் பார்க் போன்று வேகமாக வளரும் இடங்களில், சென்ற ஆண்டு குடிபுகுந்தவர்கள் அதில் சரிவரத் தென்படமாட்டார்கள். அங்கே பள்ளிகளின் வழியாகத்தான் உண்மை புலப்படும். ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகளுக்கும் தலா ஒரு பள்ளி மாவட்டம் என்பதால் விசாரிக்க வேண்டிய இடம் ஒன்றே. உங்கள் முகவரிக்குரிய தொடக்கப்பள்ளியில் சில ஆண்டுகளாக மாணவர் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, புதிய பள்ளி கட்டத் திட்டம் உள்ளதா, எந்த முகவரிகள் அந்தப் பள்ளிக்கு உரியவை என்ற எல்லையில் மாற்றம் வரவிருக்கிறதா என்று பாருங்கள். மாநில அரசின் மதிப்பீட்டில் பள்ளிக்குக் கிடைத்துள்ள ‘ஏ’ தரத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் மிகப் பலர். தரம் உயர்ந்த பள்ளியாயினும், வகுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தால், அந்த வட்டாரம் முதுமையடைந்து வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை.

நேரில் பார்ப்பதற்குப் பொருத்தமான மாதத்தையும் மணியையும் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ‘ஸ்னோபேர்ட்ஸ்’ எனப்படும் குளிர்கால விருந்தினர்கள் வந்து நிறைகிறார்கள். பிப்ரவரியில் உணவகங்களிலும் கடைத்தெருக்களிலும் காணும் கலகலப்பு அந்த ஊரின் நிரந்தர இயல்பாக இருக்க வேண்டியதில்லை. மே மாதத்துக்குப் பின் சில குடியிருப்புகளில் வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். சென்சஸ் அட்டவணைகளிலேயே, பருவகாலப் பயன்பாட்டுக்காகக் காலியாக உள்ள வீடுகள் எத்தனை என்று தனியே தரப்பட்டிருக்கிறது, அதையும் பாருங்கள். இயன்றால் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ, பள்ளி திறந்த பிறகு ஒரு முறை வாருங்கள். காலையில் பள்ளிப் பேருந்து நிற்கும் முனையில் சற்று நேரம் நின்றாலே, எத்தனை பிள்ளைகள் எந்த வயதில் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் ஒரு பிள்ளையும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கோடையில் அது கடும் வெயிலும் இடிமழையும் மாறி மாறி வரும் நேரம். வெயில் தாழ்ந்தபின், மாலை ஆறரைக்கு மேல் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள்.

அருகிலுள்ள கடை வளாகத்தின் பெயர்ப்பலகைகளையும் பொறுமையாக வாசியுங்கள். காது கேட்கும் கருவி, மூட்டு சிகிச்சை, மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஆலோசனை என்று பலகைகள் அடுக்கடுக்காக இருக்கின்றனவா, அல்லது குழந்தைகள் காப்பகம், நீச்சல் பயிற்சி, கராத்தே, கணித வகுப்பு என்று இருக்கின்றனவா? வாடகை கொடுத்து நடக்கும் தொழில்கள் வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் நீடிப்பதில்லை என்பதால், இந்தப் பலகைகள் விளம்பரக் கையேடுகளைவிட நம்பகமானவை. பொது நூலகக் கிளையின் நிகழ்ச்சி நிரலில் குழந்தைகளுக்கான கதை நேரம் வாரத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதும் அவ்வாறே பயன்தரும் செய்தி.

55 வயதுக்கு மேற்பட்டோருக்கான குடியிருப்புகளைப் பற்றித் தனியே எச்சரிக்க விரும்புகிறேன். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 விழுக்காட்டில் 55 வயது நிறைந்த ஒருவராவது வாழ்ந்து, அந்த நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்துக் கடைப்பிடித்து, வயதை முறையாகச் சரிபார்த்தும் வந்தால், அக்குடியிருப்பு பிள்ளைகளுள்ள குடும்பங்களை மறுக்கலாம். மீதமுள்ள 20 விழுக்காடு இளையோரின் உரிமை என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது குடியிருப்புக்குத் தரப்பட்ட தளர்வு மட்டுமே. முழுவதையும் மூத்தோருக்கே வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். விலை மலிவாகவும் நீச்சல்குளம் பெரிதாகவும் இருக்கிறது என்பதற்காக, “அப்பா பெயரில் வாங்கிவிட்டு நாங்கள் இருந்துகொள்ளலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. விசிட்டர் விசாவில் சில மாதங்கள் வந்து போகும் பெற்றோர் அங்கு நிலையாகக் குடியிருப்பவர் ஆகமாட்டார். பேரப்பிள்ளைகள் ஆண்டுக்கு இத்தனை நாள்தான் தங்கலாம் என்ற விதியும் பல குடியிருப்புகளில் உண்டு. தயவுசெய்து இந்த வழியில் இறங்க வேண்டாம்.

வயது வரம்பற்ற குடியிருப்பிலும் உரிமையாளர் சங்கத்தின் விதித்தொகுப்பை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். கூடைப்பந்து வளையம் வைக்கத் தடை உண்டா, தெருவில் விளையாட அனுமதி உண்டா, நீச்சல்குள நேரம் என்ன என்பவை அதில்தான் இருக்கும். ஃபுளோரிடா சட்டப்படி, இத்தகைய சங்கத்துக்கு உட்பட்ட வீட்டை விற்பவர் அதற்குரிய விவரச் சுருக்கத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும். தராவிட்டால், அது கைக்கு வந்த மூன்று நாட்களுக்குள், விற்பனை முடிவதற்கு முன்பாக, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

மணமாகாத இளையோருக்கோ பிள்ளைகள் இல்லாத இணையருக்கோ மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவர்கள் தேட வேண்டியது நடந்தே போகக்கூடிய தெருக்களையும் இரவு வரை திறந்திருக்கும் கடைகளையும்தான். டாம்பாவில் ஈபோர் சிட்டியும் செமினோல் ஹைட்ஸும், சரசோட்டாவில் ரோஸ்மேரி டிஸ்ட்ரிக்ட்டும் அத்தகையவை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் சென்ட்ரல் அவென்யூவோ ஒரு காலத்தில் முதியோர் வரிசையாக அமர்ந்திருந்த பச்சை நிறப் பெஞ்சுகளுக்குப் பெயர்பெற்றது. முதியோர் நகரம் என்ற தோற்றத்தை மாற்ற விரும்பிய நகர நிர்வாகம் 1960களில் அப்பெஞ்சுகளை அகற்றத் தொடங்கியது. இன்று அதே சாலை மதுக்கூடங்களும் கலைக்கூடங்களும் சிறு உணவகங்களுமாக நள்ளிரவு வரை விழித்திருக்கிறது. பெஞ்சை எடுத்தவுடன் இது நடந்துவிடவில்லை; பல பத்தாண்டுகள் ஆயின. “இன்னும் நான்கைந்து ஆண்டுகளில் இந்த ஏரியா மாறிவிடும்” என்று யாராவது சொல்லி ஒரு வீட்டை விற்க முயன்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

முதியோர் அருகில் இருப்பதே குறை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் நம் பெற்றோர், கார் ஓட்ட வழியின்றி வீட்டுக்குள் முடங்கிப்போவதை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். காலையில் நடைக்குச் செல்லும் மூத்தோரும் மாலையில் ஓடியாடும் பிள்ளைகளும் ஒரே நடைபாதையைப் பகிர்ந்துகொள்ளும் கலப்பான பகுதி கிடைத்தால், முற்றிலும் இளமையான பகுதியைவிட அதையே நான் விரும்புவேன்.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீரவில்லையென்றால், வாங்க நினைக்கும் அதே பள்ளி எல்லைக்குள் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன் குடியேறினால், பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவே மாற வேண்டியிராது. குளிர்காலக் கூட்டத்தையும் கோடைக்கால வெறுமையையும் ஒரே ஒப்பந்தக் காலத்துக்குள் பார்த்துவிடவும் முடியும்.