அடுத்த உதையும் ஒரு மோல்ஸ்கின் தொப்பியும்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அமெரிக்கன் ஃபுட்பாலில் விண்வெளிக்குக் கிளம்புகிற மாதிரி ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதானே மோதுகிறார்கள், அப்படியும் மூளை பாதிப்பு என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறதே, எப்படி?" நல்ல கேள்வி. பதிலை 1893-லிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஹெல்மெட் கதையே அங்கேதான் தொடங்குகிறது.

ஜோசப் மேசன் ரீவ்ஸ், இல்லினாய்ஸ் மாநிலத்தின் டாம்பிகோ என்ற குட்டி ஊரில் 1872-ல் பிறந்தவர் (பின்னால் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் பிறந்ததும் அதே ஊரில்தான்). அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் படித்தபோது ஃபுட்பால் அணியில் இருந்தார். அந்தக் காலத்து ஆட்டத்தில் பந்தை முன்பக்கம் எறியவே கூடாது, 1906-ல்தான் அதற்கு அனுமதி வந்தது. ஆகவே கும்பலாக முட்டித் தள்ளுவதுதான் ஆட்டம், கீழே விழுந்தவன் தலைமேல் பூட்ஸ் கால்கள். ரீவ்ஸ் அப்படி வாங்கிய உதைகளைப் பார்த்த கடற்படை டாக்டர் ஒருவர், இன்னொரு உதை விழுந்தால் புத்தி பேதலித்துவிடும், உயிரே போனாலும் போகும் என்று எச்சரித்தாராம். ஆனால் ராணுவ அகாடமியுடனான ஆட்டம் வருகிறது, உட்கார மனசு வருமா? ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் போய், மோல்ஸ்கின் என்கிற தடித்த துணியில் தலைக்கு ஒரு தொப்பி தைத்து வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார். அமெரிக்கன் ஃபுட்பாலின் முதல் ஹெல்மெட் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஹெல்மெட் என்ன செய்கிறது என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். அடியின் விசையை அகலமான பரப்பில் பரப்புகிறது, உள்ளே இருக்கும் மெத்தை நசுங்குவதால் தலை நிற்க எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டுகிறது. மண்டை உடையாது, தோல் கிழியாது. சரி, மண்டை ஓடு தப்பித்தது, உள்ளே இருப்பது?

மூளையைக் கட்டித் தயிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தயிர்ச் சட்டியைத் தரையில் நேராகத் தள்ளி சட்டென்று நிறுத்தினாலும் தயிர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதே சட்டியை விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று திருகுங்கள். சட்டி திரும்பிவிடும், தயிர் பின்தங்கும், சுவரோரமாக விரிசல் விழும். 1943-ல் ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்பர்ன் ஜெலட்டின் மாதிரிகளை வைத்துச் சொன்னதும் இதுதான்: மூளையை அழுத்திச் சுருக்குவது மகா கஷ்டம், ஆனால் அடுக்கடுக்காக வழுக்கி உருக்குலைய வைப்பது ரொம்பச் சுலபம், ஆகவே தலை திரும்புவதுதான் ஆபத்து. தாடையில் பக்கவாட்டில் விழுகிற குத்து ஆளைச் சாய்ப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஹெல்மெட் நேர் அடியைத் தணிக்கிற அளவுக்கு இந்தத் திருகலைத் தணிப்பதில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசுவது ஆக்சான் என்ற மெல்லிய இழைகள் வழியாக. ஒவ்வொரு இழைக்குள்ளும் மைக்ரோடியூபூல் என்ற நுண்குழாய்கள் தண்டவாளம் போல ஓடுகின்றன, செல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அதன் மேல்தான் போகிறது. தண்டவாளங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது டௌ என்ற புரதம். ஜவ்வு மிட்டாய் சாப்பிட்டிருப்பீர்களே, மெதுவாக இழுத்தால் முழ நீளம் வரும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறும். ஆக்சானும் அதே ஜாதி. குனிந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் நீண்டு சுருங்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் கண் சிமிட்டுவதற்குள் இழுபட்டால் டௌ பிடிப்புகள் நழுவி வழிவிட நேரமே கிடைக்காது, தண்டவாளம் அங்கங்கே முறிகிறது. முறிந்த இடங்களில் சரக்கு தேங்கி, இழை மணி கோத்த மாதிரி வீங்கும். இலாஸ்டிக் போன டிராயர் மாதிரி நெளிநெளியாகக் கிடக்கும், பழையபடி நிமிர நேரமாகும்.

அப்புறம் செல்லின் சவ்வில் கதவுகள் திறந்துகொண்டு பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைக்க செல்லின் பம்புகள் முழு மூச்சாக ஓடுகின்றன, அதற்கு ஏகப்பட்ட குளுக்கோஸ் வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. லோ வோல்டேஜில் மோட்டார் ஓட்டுகிற கதைதான். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, ஆளும் எழுந்து நடமாடுவார். இந்தத் தட்டுப்பாடு நாள்கணக்கில் நீடிக்கும், அதற்குள் இன்னொரு அடி விழுந்தால் சேதம் பல மடங்கு. அந்த டாக்டருக்கு ஆக்சானும் தெரியாது டௌவும் தெரியாது, ஆனால் பயப்பட வேண்டியது 'அடுத்த' உதைக்கு என்று சரியாகச் சொல்லியிருக்கிறார், எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

வருடக்கணக்கில் அடி வாங்கினால் இடம் பெயர்ந்த டௌ முடிச்சு முடிச்சாகச் சேரும், சி.டி.ஈ என்ற நோய் அதுதான். 2017-ல் பாஸ்டனில், என்.எஃப்.எல் என்கிற அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கில் ஆடி இறந்த 111 வீரர்களின் மூளைகளை ஆராய்ந்ததில் 110-ல் அது இருந்தது. உடனே எல்லா வீரருக்கும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுத்திருக்கும். இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் 2012-ல் 3 கோடி டாலர் தருவதாகச் சொன்ன அதே என்.எஃப்.எல், அது யாருக்குப் போகக்கூடாது என்பதிலும் மூக்கை நுழைத்தது என்று 2016-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவினரின் அறிக்கை குற்றம் சாட்டியது. பரீட்சை எழுதுகிறவனே பேப்பர் திருத்துகிறவரைப் பொறுக்கி எடுப்பானா? இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம்தான் சரி என்பது என் கட்சி.

ரீவ்ஸுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1894-ல் படிப்பை முடித்து, போர்க்கப்பல்களில் வேலை பார்த்து, ஐம்பது வயதுக்கு மேல் விமானம் பக்கம் வந்து, லாங்லி என்ற அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலில் புதுப்புது உத்திகளைச் சோதித்தார். 1934-ல் மொத்த அமெரிக்கக் கடற்படைத் தொகுதிக்கே தலைமைத் தளபதி. 1948-ல் இறக்கும்போது வயது 75.

தொப்பி போட்ட அந்த 1893 ஆட்டத்தில் கடற்படை 6-4 என்று ஜெயித்தது. ஆட்டத்துக்குப் பிறகு ஒரு ராணுவ ஜெனரலும் ஒரு அட்மிரலும் வாய்ச்சண்டை முற்றி துப்பாக்கி எடுத்துக்கொண்டு மோதப் பார்த்தார்களாம், விவகாரம் ஜனாதிபதி கிளீவ்லேண்டின் அமைச்சரவை வரை போய், 1899 வரை இரண்டு அகாடமிகளும் ஒன்றோடொன்று ஆடவேயில்லை. ஒருத்தருக்கு டாக்டர் சொன்ன ஓய்வு, இப்படி இரண்டு அணிக்கும் சேர்த்துக் கிடைத்தது.