பிங் போகிறது, கோப்பு ஏன் நகரவில்லை?

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். டியூஷன் நிலையத்தில் ஆறு கணினிகள், பழைய 10 மெகாபிட் ஹப் ஒன்று. பிங் (மற்றக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) அடித்தால் உடனே பதில் வருகிறது. கோப்பை நகலெடுத்தால் ஊர்கிறது. ஒரு கணினியில் புது நெட்வொர்க் கார்டு மாட்டிய பிறகுதான் இப்படி. யாரோ வாஸ்து சரியில்லை என்று சொல்ல, மேசைகளையும் திருப்பிப் போட்டார்களாம். அந்தக் கூலிக்கு ஒரு கேபிள் டெஸ்டர் வாங்கியிருக்கலாம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

ஒரு வாயிலில், அதாவது கேபிள் செருகும் துளையில், வரும் சமிக்ஞையை மற்ற எல்லா வாயில்களுக்கும் அப்படியே அனுப்புவதுதான் ஹப்பின் வேலை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு கார்டுதான் பேச முடியும். தோட்டத்தில் ஒரே லோரி போகிற மரப்பாலம் மாதிரி. இரண்டு பக்கமும் செம்பனைக் குலை லோரிகள் ஏறிவிட்டால் இரண்டுமே பின்வாங்க வேண்டும். சரி, இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடி நடுவில்தானே சந்திப்பார்கள்?

இந்தக் கார்டுகள் கேபிளில் பேசிக்கொள்ளும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அதில் நான் ரசிப்பது இந்த இடத்தைத்தான். 1973இல் சிராக்ஸ் ஆய்வகத்தில் மெட்காஃபும் போக்ஸும் உருவாக்கத் தொடங்கிய முறை அது. முதல் மோதலுக்குப் பின் ஒவ்வொரு கார்டும் 0, 1 இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அத்தனை 51.2 மைக்ரோ வினாடிகள் காத்திருக்கும். மறுபடி மோதினால் 0 முதல் 3 வரை, அப்புறம் 0 முதல் 7 வரை. பத்தாவது மோதலில் 1023 வரை போகும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிட்டுவிடும். கூட்டம் கூடக் கூடக் காத்திருப்பு தானாக நீள்கிறது. வரிசை போட அங்கே மண்டோர் யாரும் இல்லை!

உங்கள் புதுக் கார்டை யாரோ ‘ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று நிலையாக வைத்திருக்க வேண்டும். அதன் கணக்கில் பாலம் இருவழி. எதிரே பார்க்காமல் ஏறிவிடும். மற்ற கார்டு முதல் 512 பிட்டுகளை (51.2 மைக்ரோ வினாடியில் போகும் அளவு) தாண்டி, பாலம் தனக்குத்தான் என்று நம்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போது இது வந்து இடிக்கும். அவ்வளவு தாமதமான மோதலுக்குப் பிறகு கார்டுகள் பொதுவாக மறுமுயற்சி செய்வதில்லை. தரவு தொலைந்ததை மேலேயுள்ள மென்பொருள் உணர்ந்து திரும்ப அனுப்ப வெகுநேரம் ஆகும். பிங்கில் கேள்வி போன பிறகே பதில் வருவதால் அது தப்பிக்கிறது. கோப்பு நகலில் தரவும், ‘கிடைத்தது’ என்று திரும்பி வரும் ஒப்புகையும் எதிரெதிரே வரும்.

கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் ஹப்பின் மோதல் விளக்கு அடங்குகிறதோ, அந்தக் கணினியில் கார்டு அமைப்பை ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். ‘ஆட்டோ’வில் கார்டு எந்த முறையில் பேசலாம் என்று எதிர்முனையைக் கேட்கும்; பழைய ஹப்புக்கு அந்தப் பேச்சுவார்த்தை தெரியாததால், கார்டு தானாக ஒரு நேரத்தில் ஒருவர் பேசும் முறைக்கு இறங்கிவிடும். விளக்கு அப்போதும் அடங்காவிட்டால் ஹப்பின் அந்த வாயில் இடி மின்னலில் அடிபட்டிருக்கலாம்; கேபிளை வேறு வாயிலில் செருகிப் பாருங்கள்.