ஈயின் காலில் இருக்கும் நாக்கு

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன தட்டில் ஒரு ஈ வந்து உட்காருகிறது. அது இன்னும் வாயை வைக்கவில்லை. ஆனால் அங்கே கிடப்பது இனிப்பா, உப்பா, கசப்பா என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. கால் பட்டதே போதும்.

ஈயின் பாதங்களிலும், கீழே நீளும் தும்பிக்கை போன்ற வாயின் நுனியிலும் மெல்லிய மயிர்கள் இருக்கின்றன. பலவற்றின் உள்ளே குழாய் போன்ற வெற்றிடம். நுனியில் மிகச் சிறிய துளை. ஈரத்தில் கரைந்த பொருள் அந்தத் துளை வழியே உள்ளே போகிறது. இப்படிப்பட்ட மயிர் ஒன்றில் பெரும்பாலும் நான்கு சுவை நரம்பணுக்கள் இருக்கும். சர்க்கரைக்கு ஒன்று, வெறும் தண்ணீருக்கு ஒன்று என்று அவற்றுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. ஐந்தாவதாக ஒரு நரம்பணு மயிரின் அடியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குச் சுவை தெரியாது. மயிர் வளைந்தால் மட்டும் சேதி அனுப்பும். தொடுவதற்கும் சுவைப்பதற்கும் ஒரே மயிர்! எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டெத்தியர், இறைச்சியை மொய்க்கும் ஒருவகை ஈயைக் குச்சியில் மெழுகால் ஒட்டிவைத்துச் சோதித்தார். முதலில் அது வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கவிடுவார். இல்லாவிட்டால் தாகத்துக்கும் தும்பிக்கை நீளும். பிறகு காலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட வைத்தால், தும்பிக்கை சட்டென்று நீளும். 1955இல் வேறு மூவர் இன்னும் நுட்பமாக, மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரைசலை நிரப்பி ஒற்றை மயிரின் நுனியில் மாட்டினார்கள். அந்தக் கரைசலே மின்கம்பியாகவும் வேலை செய்ய, நரம்பின் துடிப்புகள் பதிவாயின.

கால் சம்மதித்தால் தும்பிக்கை இறங்கும். அதன் நுனியில் ஸ்பாஞ்சு போன்ற இரண்டு மடல்கள் உண்டு. ஓரத்து மயிர்களும் சரி என்றால் மடல்கள் விரியும். உள்ளே இருக்கும் சுவை முகைகள் இன்னொரு முறை சோதித்த பிறகே உறிஞ்சுதல் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்பதை முன்குடலிலிருந்து போகும் ஒரு நரம்பு சொல்கிறது. 1958இல் அந்த நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். ஈ நிறுத்தாமல் குடித்து, பலூனாக வீங்கிவிட்டது.

வீட்டு ஈக்குக் கடிக்கப் பல் கிடையாது. கெட்டியான உணவின்மேல் உமிழ்நீரையும், முன்பு விழுங்கியதையும் கக்கிக் கரைத்துத்தான் குடிக்கும். கிருமி பரவுவது இதனாலும், குப்பையை மிதித்த கால்களாலும்தான். சிங்கப்பூர் உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்காவிட்டால் நடவடிக்கை என்று 2021இல் வந்த விதி, இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஈ உட்கார்ந்ததும் காலோடு காலைத் தேய்ப்பதும் சுத்தம் செய்யத்தான். மயிரின் துளையில் அழுக்கு அடைத்தால் சுவை தெரியாதே.

ஈயின் உறவுக்காரரான கொசுவும் காலால் சுவைக்கிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டீட் என்ற கொசுவிரட்டி கலந்த மருந்து பூசிய தோலில் உட்கார்ந்ததும் காலால் அதை உணர்ந்து பறந்துவிடுகிறது என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் மருந்தைக் கையில் மட்டும் தேய்த்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். கணுக்காலில் பூசாத இடம் இருந்தால், கொசு அங்கே உட்கார்ந்து கடித்துவிடும்.