ரேடான் வாயுவும் வீட்டு ஜன்னல் விதியும்

ரேடான் என்ற கதிரியக்க வாயுவைப் பற்றி வாட்சாப்பில் ஏதாவது வந்துவிட்டால், அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து வீட்டை அளந்து பார்ப்பார்களா என்றுதான் மலேசியாவின் பேராக்கில், பத்து காஜா பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) முதலில் கேட்பார்கள். அந்த எதிர்பார்ப்பில் உட்கார்ந்திருக்க வேண்டாம். கதிரியக்க விஷயத்துக்கென்று இருக்கும் 304ஆம் சட்டம், அதாவது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம், கதிரியக்கப் பொருளைக் கையாளும் தொழில்களுக்கு உரிமம் கொடுப்பதைப் பற்றியது. வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சும் அமாங் மணலைப் பிரிக்கும் ஆலை அதற்குள் வரும். உங்கள் படுக்கையறை வராது. படுக்கையறைக்கென்று வேறொரு விதி இருக்கிறது. ரேடானை மனதில் வைத்து எழுதியதில்லை என்றாலும், ரேடானை வெளியே தள்ளுவதற்கு நம் கையில் இருக்கும் நல்ல பிடி அதுதான்.

முதலில் வாயுவைப் பற்றிக் கொஞ்சம். மண்ணிலும் கருங்கல்லிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறம், மணம் எதுவும் கிடையாது. தரையில் உள்ள வெடிப்பு, குழாய் இறங்கும் ஓட்டை, சுவரும் தரையும் சேரும் இடுக்கு வழியாக உள்ளே வரும். அதன் பாதி சிதைய 3.8 நாள் ஆகும் என்பதால், அடைத்த அறையில் தேங்கிச் சேர நேரம் இருக்கிறது. சிதையும்போது உண்டாகும் துகள்களை மூச்சோடு இழுத்தால் அவை நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைப்பழக்கம். அதற்கு அடுத்து ரேடான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பத்து காஜா இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு கருங்கல் மலைக்கும் பழைய வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் நடுவே இருப்பதால் இங்கே இந்தப் பேச்சு சும்மா எழுவதில்லை. ஈப்போ பக்கத்தில் முன்பு இயங்கிய புக்கிட் மேரா அரிய மண் ஆலையை நினைத்து, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்பவர்களும் உண்டு. ஒன்றல்ல. அங்கே பிரச்சினை தோரியக் கழிவு. தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற வாயுவின் பாதி ஒரு நிமிடத்துக்குள் சிதைந்துவிடும். அது அதிக தூரம் போகாது. வீட்டுக்குள் சேருவது பெரும்பாலும் ரேடான்தான்.

எவ்வளவு இருந்தால் கவலைப்படலாம்? ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன அளவு. நாட்டு நிலைமைப்படி அது முடியாவிட்டாலும் 300ஐத் தாண்டக் கூடாது. வெளிக்காற்றில் பொதுவாக 5 முதல் 15 வரைதான் இருக்கும். ஆக, வெளிக்காற்று உள்ளே வந்தாலே கணக்கு இறங்கிவிடும்.

சரி, விதிக்கு வருவோம். 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டடத் துணைவிதிகளில் 39ஆவது, குடியிருக்கும் அறைக்கு ஜன்னல் கணக்குச் சொல்கிறது. அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னல் இருக்க வேண்டும். காற்று தடையில்லாமல் வந்துபோகும் திறப்பு குறைந்தது 5 விழுக்காடு. 10க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. ஜன்னல் 12 சதுர அடி, திறப்பு 6 சதுர அடி. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் இரண்டு கதவுக் கண்ணாடி ஜன்னலை முழுதாக இழுத்தாலும் பாதிதான் திறக்கும். 12 சதுர அடி ஜன்னலுக்கு அது சரியாக 6 சதுர அடி, எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதன்மேல் அலமாரியைச் சாய்த்து வைத்தால் போச்சு. பழைய வீடுகளின் நாக்கோ கண்ணாடியை, அதாவது பட்டை பட்டையாகச் சாய்த்துத் திறக்கும் ஜன்னலை, நாகரிகமில்லை என்று கழற்றுகிறார்கள், ஆனால் காற்றுக்கு அதுவே மேல்.

இன்னும் பெரிய கோளாறு, பின்பக்கம் சமையலறையை நீட்டுவது. நீட்டியதும் பின் அறையின் ஜன்னல் வெளியே திறக்காமல் சமையலறைக்குள் திறக்கிறது. அப்புறம் அந்த அறைக்கு ஓர் ஏர்கான். சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்கும். புதுக் காற்று கொண்டுவராது. நிலையான ஏர்கான் இருந்தால் ஜன்னல் விதியைத் தளர்த்த உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும் அறை மூடிய அறையாகவே இருக்கலாம். வீட்டை நீட்டுவதற்கு 133ஆம் சட்டப்படி, அதாவது தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி, மன்றத்தில் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கட்டத்திலேயே பிளான் வரைபவரிடம், பின் அறைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். காற்று இறங்க மேலே திறந்த சின்ன வெளி, அதாவது ஏர்வெல் ஒன்றை அப்போதே விட்டால் செலவு குறைவு. கட்டி முடித்தபின் உடைப்பதற்கு யாருக்கும் மனசு வராது.

தரை வெடிப்பைச் சிமெண்டாலோ சீலண்டாலோ அடைப்பது நல்லது. அது மட்டும் போதாது. காற்றை வெளியே இழுக்கும் விசிறியை மாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தி வைப்பது அதைவிட மோசம். அறையில் காற்றழுத்தம் குறைந்து, மண்ணுக்குள் இருப்பதையும் அது மேலே இழுக்கும்.

புகைப்பவர் வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. ரேடானால் வரும் ஆபத்து புகைப்பவருக்குப் புகைக்காதவரைவிட 25 மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சாப்பாட்டுக் கடையில் பற்றவைத்தால் புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆம் சட்டம் பாயும், வீட்டுக் கூடத்தில் பாயாது. விட நினைப்பவருக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் எம்குவிட் சேவை இருக்கிறது.

அளந்தே பார்க்க வேண்டும் என்றால் ஒரு நாள் கணக்கை நம்ப வேண்டாம். சின்னப் பிளாஸ்டிக் டப்பா போன்ற கருவியைக் கீழ்த்தளத்தில் நீங்கள் படுக்கும் அறையில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி, மூன்று மாதம் வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் முறை. மாடியில் இருப்பவர்கள் பொதுவாக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மண்ணிலிருந்து மேலே போகப் போக அளவு குறையும். கால் நட்டுப் பலகை போட்ட பழைய தோட்ட லயங்களில் அடியில் காற்று ஓடியதால், இந்த ஒரு விஷயத்தில் அவை இன்றைய சிமெண்டுத் தரை வீட்டுக்கு மேல்.

இன்னும் தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் மன்றத்துக்கு அலைய வேண்டாம். தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், அந்த வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பை முதலாளி மேல் வைக்கிறது. ரேடான் என்று எழுதினால் ஆபீசில் விழிப்பார்கள். திறக்காத ஜன்னல், வெடித்த தரை, வீட்டு எண் என்று மலாயில் எழுதி, படம் எடுத்து இணைத்து, முதலில் தோட்ட ஆபீசில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் அதே நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.